ஓதம் ஏறிய சுவரும் ஒவ்வாத மூச்சும்

மான்செஸ்டரில் மருத்துவம் பார்த்துவந்த சார்லஸ் பிளாக்லிக்குக் கோடை பிறந்தால் தும்மலும் பிறக்கும். புல்லின் மகரந்தமே அதற்குக் காரணம் என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்து நிறுவியவர் அவர். 1873இல் வந்த அவருடைய நூலில் மகரந்தத்தைப் பற்றிய பக்கங்களே மிகுதி. நடுவில் பூசணத்தைப் பற்றிய ஒரு சிறு சோதனையும் இருக்கிறது. ஈர வைக்கோலில் பூசணம் பிடிக்கவிட்டு, அதில் வளர்ந்த இரண்டு வகைகளின் வித்துகளை அவர் மூச்சோடு உள்ளிழுத்துப் பார்த்தார். ஒன்று கீட்டோமியம். அது குமட்டலையும் தலைசுற்றலையும் தந்தது. மற்றது பெனிசிலியம். அதை இழுத்ததும் குரல் கம்மியது. பிறகு குரலே எழவில்லை. நெஞ்சில் சளி கட்டி, ஓரிரு நாள் தொழில் பார்க்க முடியாதபடி ஆனது. மகரந்தத்தைச் சலிக்காமல் முகர்ந்து பார்த்த அந்த மனிதர், இந்தச் சோதனையை மட்டும் மறுபடி செய்ய விரும்பவில்லை.

அதே 1873இல் கல்கத்தாவிலிருந்து இன்னொரு நூல் வந்தது. எழுதியவர் டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம், இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். காலராவும் காய்ச்சலும் காற்றில் மிதக்கும் ஏதோ ஒன்றால்தான் பரவுகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையைச் சோதிக்கக் கன்னிங்ஹாம் சிறைச்சாலைகளைத் தேர்ந்தெடுத்தார். கைதிகளின் நோய்க் கணக்கு அங்கே நாள்தோறும் பதிவாகும் அல்லவா? காற்று மோதும்படி வைத்த பிசுபிசுப்பான கண்ணாடித் தகடுகளில் ஒட்டியவற்றை நுண்ணோக்கியில் பார்த்து, வரைந்து, நோய்க் கணக்கோடு ஒப்பிட்டார். தகடுகளில் பூஞ்சை வித்துகள் ஓயாமல் வந்து விழுந்தன. அவை கூடியபோது நோய் கூடவில்லை. குறைந்தபோது நோய் குறையவுமில்லை.

ஒருவர் வித்தை முகர்ந்து நோயில் விழுந்தார். மற்றவர் எங்கும் வித்துகளையே கண்டும் நோயோடு அவற்றுக்குத் தொடர்பு காணவில்லை. இருவரும் சொன்னது உண்மை. எல்லாரும் ஒரே காற்றைத்தான் மூச்சாக இழுக்கிறோம். அப்படியிருக்கச் சிலருக்கு மட்டும் ஏன் இளைக்கிறது? எப்போது இளைக்கிறது? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

காற்றுக்குள் ஒரு கூட்டம்

பூஞ்சைக்குக் காலில்லை. வேரூன்றிய இடத்தில் உணவு தீர்ந்தால் வேறு இடம் போக வித்து ஒன்றுதான் வழி. வித்து எங்கே விழும் என்பது அதன் கையில் இல்லாததால், எண்ணிக்கையில் அதை ஈடுகட்டுகிறது. பட்ட மரத்தில் பலகைபோல் வளரும் கனோடெர்மா வகைக் காளான் ஒன்று நாளொன்றுக்கு 3,000 கோடி வித்துகள்வரை உதிர்க்கும் என்பது பழைய, பலமுறை எடுத்துச் சொல்லப்பட்ட கணக்கு. மாதக்கணக்கில் அது ஓயாது.

வித்தை வெளியேற்றும் விதமும் வகைக்கு வகை வேறுபடும். காளான்களில் வித்தின் அடியில் நுண்ணிய நீர்த்துளி ஒன்று திரள்கிறது. அது வித்தின் மேல் படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தைத் தொட்டதும் இரண்டும் சட்டென ஒன்றாகின்றன. அந்தக் கணத்தில் நீரின் பரப்பு இழுவிசை வித்தை உந்தி எறிகிறது. வித்து பறக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஆனால் புறப்படும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போலப் பல ஆயிரம் மடங்கு. இந்தத் துளியைத் துருவி ஆராய்ந்த ரெஜினால்ட் புல்லரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். துளி திரள ஈரம் வேண்டும். அதனால்தான் மழைக்குப் பின்னும், பனி இறங்கும் விடியற்காலையிலும் காளான் வித்துகள் காற்றில் பெருகுகின்றன. கிளாடோஸ்போரியம், ஆல்டர்னேரியா போன்றவை இதற்கு நேர்மாறு. சருகிலும் காய்ந்த பயிரிலும் வாழும் இவை, காற்று வறண்டு வேகமெடுக்கும் பகற்பொழுதில் வித்துகளைப் பறக்கவிடுகின்றன. ஆக, காற்றில் வித்தில்லாத வேளை என்று ஒன்று கிடையாது.

இவற்றை ஒழுங்காக எண்ண ஒரு கருவி தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பயிர் நோய்களை ஆராய்ந்த ஜிம் ஹர்ஸ்ட், 1952இல் அதை வடிவமைத்தார். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுத்து, மெல்ல நகரும் பசைத் தகட்டில் மோதவிடும் கருவி அது. எந்த மணிக்கு எந்த வித்து வந்தது என்பது தகட்டிலேயே பதிந்துவிடும். ஓய்வாக இருக்கும் ஒரு மனிதர் இழுக்கும் காற்றின் அளவும் ஏறக்குறைய இதுதான் என்பதால், அந்தத் தகடு நம் மூச்சுக்குழாய்க்கு என்ன நேர்கிறது என்பதையும் காட்டிக்கொடுத்தது. வெளிக்காற்றில் பூஞ்சை வித்துகள் மகரந்தத்தைவிட நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு அதிகம். ஒரு கனமீட்டர் காற்றில் சில ஆயிரம் வித்துகள் இருப்பது சாதாரணம். நாளொன்றுக்கு நாம் பத்துக் கனமீட்டருக்கு மேல் இழுக்கிறோம். பெருக்கிப் பார்த்தால், இன்று மட்டும் பல்லாயிரம் வித்துகள் நமக்குள் போயிருக்கும்.

நிலத்துக்கு மேலேயும் இதே கதைதான். 1933இல் சார்லஸ் லிண்ட்பெர்க் தன் விமானத்தில் வட துருவப் பகுதியைக் கடந்தபோது, அமெரிக்க வேளாண் துறையின் ஃபிரெட் மையர் கேட்டுக்கொண்டபடி பசைத் தகடுகளைக் காற்றில் நீட்டிப் பிடித்தார். பனிக்கட்டிக்கு மேலே வீசிய காற்றிலும் பூஞ்சை வித்து ஒட்டியது. வித்தில்லாத ஊருக்குக் குடிபோகலாம் என்ற எண்ணத்தை அப்போதே கைவிட்டிருக்கலாம்.

வித்து விழிக்கும்போது

இவ்வளவு வித்துகள் உள்ளே போயும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. உடம்பின் காவல் அணுக்கள் வெளியார் யாரைக் கண்டாலும் பாய்பவை. வித்தைக் கண்டு மட்டும் ஏன் சும்மா இருக்கின்றன? இதற்கு 2009இல் ஒரு தெளிவான விடை வந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சையின் வித்துக்கு மேல் நீர் ஒட்டாத புரதப் படலம் ஒன்று இருக்கிறது. தாமரை இலைத் தண்ணீர்போல் ஈரம் அதில் பட்டும் படாமல் வழிந்துவிடும். நோயெதிர்ப்பு அணுக்கள் அடையாளம் காணக்கூடிய சர்க்கரைகளும் புரதங்களும் எல்லாம் அந்தப் படலத்துக்கு அடியில். படலத்தை நீக்கிய வித்தை ஆய்வுக்கூடத்தில் எதிர்ப்பு அணுக்களிடம் கொடுத்தபோது அவை உடனே கிளர்ந்தெழுந்தன. படலத்தோடு கொடுத்தபோது கண்டுகொள்ளவே இல்லை.

அதாவது, உறங்கும் வித்து உடம்பின் கண்ணுக்குத் தெரியாது. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்து அது உப்பி, படலத்தைக் கிழித்து முளைவிடும்போதுதான் ஆள் யாரென்று தெரிகிறது. அந்நேரம் புரதங்கள் கசிகின்றன. அவற்றில் சில, பிற புரதங்களை அறுக்கும் நொதிகள். அழுகிய இலையைச் செரிக்கப் பூஞ்சை வைத்திருக்கும் கருவிகள்தான் அவை. மூச்சுக்குழாயின் உட்பூச்சில் அதே நொதிகள் வேலையைத் தொடங்கினால், புண்பட்ட அணுக்கள் எச்சரிக்கை வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. ஒவ்வாமைக்கு வாகான உடம்பில் இந்த எச்சரிக்கை தவறான திசையில் போகிறது. புழுக்களை விரட்டப் பயன்படும் படைப்பிரிவு திரட்டப்படுகிறது, ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதம் உருவாகிறது. கிமிஷிகே, தெருகோ இஷிசாகா தம்பதியர் 1966இல் கண்டறிந்த புரதம் இது. மாஸ்ட் அணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அது காத்திருக்கும். அடுத்த முறை அதே பூஞ்சை வந்தால் அந்த அணு ஹிஸ்டமினைக் கொட்டும். தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, நெஞ்சில் வீசிங் எல்லாம் அதன் விளைவுகள்.

பூஞ்சைக்கு இப்படி ஐ.ஜி.இ. உண்டாகியிருப்பவர்கள் மக்கள்தொகையில் 3 முதல் 10 சதவீதம் என்பது பொதுவான மதிப்பீடு. ஆஸ்துமா உள்ளவர்களிடம் இந்த விகிதம் இன்னும் கூடுதல். கன்னிங்ஹாம் தேடியது எல்லாரையும் தாக்கும் தொற்றை. ஒவ்வாமை ஆளைப் பார்த்து வருவது. அதனால் சிறைக் கணக்கில் அது தென்பட வாய்ப்பே இல்லை.

வித்தின் அளவும் ஒரு பங்கு வகிக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பத்து மைக்ரானுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். இரண்டு, மூன்று மைக்ரான் அளவுள்ள ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் வித்துகள் நுரையீரலின் அடிவரை இறங்கும். முழு வித்து மட்டும்தான் சிக்கல் என்றும் இல்லை. காய்ந்த பூசணப் படலத்தில் காற்று வீசினால், வித்துகளைப் போல முந்நூறு மடங்குக்கு மேல் நுண்துணுக்குகள் கிளம்பக்கூடும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அந்தத் துணுக்குகளிலும் ஒவ்வாமைப் புரதம் இருக்கிறது. செத்த பூஞ்சையும் தும்ம வைக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்வோம். வீட்டுச் சுவருக்கு வரும்போது தேவைப்படும்.

வயலும் இடியும்

கனடாவின் மனிடோபா கோதுமை விளையும் மாகாணம். அங்கே 1924இல் ஃபிரெடெரிக் கேடம் என்ற மருத்துவர், கதிரடிக்கும் நாள்களில் மூச்சுத் திணறிய விவசாயிகளைப் பற்றி எழுதினார். கோதுமையின் மேல் படிந்த துருநோய்ப் பூஞ்சையின் வித்துகளே காரணம் என்று தோல் சோதனையில் தெரிந்தது. பயிரைத் தின்னும் பூஞ்சை, பயிரிட்டவரின் மூச்சையும் பிடித்தது.

வயற்காட்டுப் பூஞ்சைகளில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது ஆல்டர்னேரியாவுக்குத்தான். தக்காளி, உருளைக்கிழங்கு இலைகளில் வளையம் வளையமாகக் கரும்புள்ளி விழுமே, அந்தக் கருகல் நோயைக் கொண்டுவருவது இதன் உறவுதான். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், ஆஸ்துமா முற்றித் திடீரென மூச்சே நின்றுபோன 11 இளையோரை ஆராய்ந்த கட்டுரை 1991இல் வெளிவந்தது. அவர்களில் 10 பேருக்கு ஆல்டர்னேரியா ஒவ்வாமை இருந்தது. மூச்சு நிற்கும் அளவுக்குப் போகாத மற்ற ஆஸ்துமா நோயாளிகள் 99 பேரில் அது 31 பேருக்கே இருந்தது. ஆல்டர்னேரியா வித்துகள் மிகும் கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும்தான் அந்தத் தாக்குதல்கள் நேர்ந்திருந்தன.

இடி மழைக்கும் இதில் பங்குண்டு. 2016 நவம்பரில் மெல்பர்னில் ஒரே மாலையில் ஆயிரக்கணக்கானோர் மூச்சிரைப்போடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். அங்கே முதன்மைக் குற்றவாளி புல்லின் மகரந்தம். எல்லா ஊரிலும் அப்படியில்லை. கனடாவின் ஒட்டாவாவில் குழந்தைகள் மருத்துவமனைக் கணக்கைப் பல ஆண்டு வானிலைப் பதிவோடு ஒப்பிட்டபோது, இடி மழை நாள்களில் ஆஸ்துமாவுக்காக வந்த குழந்தைகள் சுமார் 15 சதவீதம் கூடியிருந்தது தெரிந்தது. அதே நாள்களில் காற்றிலிருந்த பூஞ்சை வித்துகள் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தன. மகரந்தத்திலும் புகை மாசிலும் மாற்றம் சிறிதே. புயற்காற்று வித்துகளைக் கிளப்புகிறது, ஈரம் அவற்றை ஊறவைக்கிறது. ஊறிய வித்துதான் புரதத்தைக் கசியவிடும்.

காசநோய் என்று மயங்கும் நோய்

இதுவரை பார்த்ததெல்லாம் வந்துபோகும் விருந்தாளிகள். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் தங்கிவிடும். மட்கும் குப்பையின் உட்சூட்டில் வளரப் பழகிய பூஞ்சை அது. நம் உடம்பின் 37 பாகை வெப்பம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆஸ்துமா உள்ள சிலரின் மூச்சுக்குழாய்ச் சளியில் அது முளைத்து இழை விடுகிறது. திசுவைத் துளைத்து நுழைவதில்லை. சளிக்குள்ளேயே வாழ்ந்துகொண்டு, இடைவிடாமல் ஒவ்வாமையைத் தூண்டியபடி இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் குழாய்கள் புண்பட்டு, விரிந்து, பழைய நிலைக்குத் திரும்பாமல் போகின்றன. 1952இல் பிரிட்டனில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த நோயை ஏ.பி.பி.ஏ. என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்கள்.

இந்தியாவுக்கு இது அயல்நாட்டு விவகாரம் இல்லை. சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நம் நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கலாம். அவர்களில் பலர் வேறொரு நோயின் பெயரில் மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதுதான் வேதனை. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இருமல், சில வேளை சளியில் இரத்தம், எக்ஸ்ரேயில் நிழல்: இத்தனையும் சேர்ந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். சளியில் கிருமி தென்படாவிட்டாலும் மாத்திரை தொடங்கிவிடுவது உண்டு. ஆறு மாதம் மாத்திரை முடிந்த பிறகும் இளைப்பு போகாது. நிழல் மட்டும் இடம் மாறியிருக்கும்.

பிரித்தறிய வழி இருக்கிறது. ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிரான ஐ.ஜி.இ.யையும் இரத்தத்தின் மொத்த ஐ.ஜி.இ.யையும் அளந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மொத்த அளவு மில்லிலிட்டருக்கு 1000 அலகைத் தாண்ட வேண்டும் என்றிருந்த வரம்பை 2024இல் வந்த பன்னாட்டு வழிகாட்டி 500ஆகக் குறைத்திருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையோ, இட்ராகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லியோ கொடுத்தால் நோய் அடங்கும். சளியில் பழுப்பு நிறக் கட்டிகள் வருகிற ஆஸ்துமா நோயாளிக்கு இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு.

எல்லாப் பழியும் ஒவ்வாமைக்கல்ல

பூசணம் என்றதும் மூன்று வெவ்வேறு சங்கதிகள் ஒன்றாகக் குழம்பிப்போகின்றன. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையோடு வந்த ‘கறுப்புப் பூஞ்சை’ ஒரு தொற்று. கட்டுக்கடங்காத சர்க்கரையாலும் ஸ்டீராய்டாலும் எதிர்ப்பு தளர்ந்த உடம்பில் மியூக்கர் வகைப் பூஞ்சை திசுவைத் தின்றது. அங்கே எதிர்ப்பு போதவில்லை. ஒவ்வாமையிலோ எதிர்ப்பு வேண்டாத இடத்தில் வேலை செய்கிறது. சுவரில் கருமையைக் கண்டு அந்த நோய் வந்துவிடுமோ என்று அஞ்சத் தேவையில்லை.

அமெரிக்காவில் கிளம்பிய ‘நச்சுக் கரும்பூசணம்’ என்ற அச்சம் வேறு ரகம். 1990களில் கிளீவ்லாந்தில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தபோது, வீட்டிலிருந்த ஸ்டாக்கிபோட்ரிஸ் பூஞ்சையின் மேல் பழி விழுந்தது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2000இல் மறு ஆய்வு செய்து, அந்தத் தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று அறிவித்தது. பூசணத்தின் நிறத்தை வைத்து அதன் கேட்டை அளக்க முடியாது. பெனிசிலின் ஊசியைப் பற்றிய ஐயமும் இப்படித்தான். பெனிசிலியம் பூசணத்துக்கு ஒவ்வாமை இருப்பவருக்கு அந்த மருந்தும் ஒவ்வாது என்று பொருளில்லை, இரண்டும் தனித்தனி.

மூன்றாவது வகை நுரையீரலின் காற்றுப்பைகளிலேயே அழற்சியை உண்டாக்குவது. ஐ.ஜி.இ.க்கு இதில் பங்கில்லை. ஈர வைக்கோலிலும் கரும்புச் சக்கையிலும் வளரும், பூஞ்சைபோல் தோற்றமளிக்கும் பாக்டீரியாக்கள் தொழிலாளர்களுக்கு இதைக் கொண்டுவருகின்றன. ஜப்பானில் இது வீட்டு நோய். புழுக்கமான கோடையில், காற்றோட்டம் குறைந்த பழைய மரவீடுகளில் டிரைக்கோஸ்போரான் என்ற பூஞ்சை வளரும். இருமலும் காய்ச்சலுமாக மருத்துவமனையில் சேரும் நோயாளி சில நாள்களில் தேறிவிடுவார். வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி படுத்துவிடுவார். உளுத்த மரத்தை மாற்றி, ஈரத்தை நீக்கி வீட்டைச் செப்பனிட்ட பிறகு பலருக்கு நோய் திரும்பவில்லை. மருந்தை மாற்றாமல் வீட்டை மாற்றியதில் கிடைத்த பலன் அது.

ஈரத்தின் கணக்கு

வித்தை ஒழிக்க முடியாது. வித்துக்கு உணவில்லாமல் செய்வதும் கடினம். மரம், காகிதம், துணி, தோல், சுவரில் படிந்த தூசு எல்லாம் அதற்கு உணவுதான். நம் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றே. அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான பூஞ்சைகளுக்கு வளர வழியில்லை. ஆனால் கடற்கரை ஊர்களில் ஆண்டின் பாதி நாள் வெளிக்காற்றே அதைத் தாண்டியிருக்கும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது பரப்பில் தேங்கும் ஈரத்தை. அறைக்காற்று சுமாராக இருந்தாலும், சுவரோடு ஒட்டிவைத்த பீரோவின் முதுகுப்புறம், குளியலறைக்குப் பக்கத்துச் சுவர், மொட்டைமாடி ஒழுகும் மூலை, சுவருக்குள் ஓடும் குழாய் கசியும் இடம் ஆகியவை தனிச் சூழல்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணியை வீட்டுக்குள்ளேயே கொடிகட்டிக் காயப்போட்டால் அவ்வளவு தண்ணீரும் காற்றுக்குப் போய் எங்காவது படியத்தான் செய்யும். வடிகால் அடைத்த ஏ.சி. தானே ஒரு பூசணத் தோட்டம்.

நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பூசணம் பெரும்பாலும் பிடிக்காது. வெள்ளம் வந்த ஊர்களில் இந்தக் கெடு தவறிவிடுகிறது. 2005இல் கத்ரினா சூறாவளிக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் ஆய்வுக்கு எடுத்த வீடுகளில் 46 சதவீதத்தில் கண்ணால் பார்க்கும்படி பூசணம் பூத்திருந்தது. வாரக்கணக்கில் மக்கள் வீடு திரும்ப முடியாமல் போனது முக்கியக் காரணம். 2015 டிசம்பரில் தண்ணீர் புகுந்த சென்னை வீடுகளில், மெத்தையையும் பிளைவுட் அலமாரியையும் வெயிலில் போட வழியில்லாமல் தவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊறிப்போன மெத்தையையும் ஜிப்சம் பலகையையும் காப்பாற்ற முயல்வதைவிடத் தூக்கிப் போடுவது நல்லது. சிமென்ட் பூச்சு, ஓடு, உலோகம் ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவலாம்.

நம் வழக்கமான வைத்தியங்கள் தவறுவது இங்கேதான். பிளீச்சிங் தெளித்தால் பூசணம் சாகும். ஆனால் ஒவ்வாமைப் புரதம் அதே இடத்தில் இருக்கும். அதைத் துடைத்து அகற்ற வேண்டும். காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் துணுக்குகள் அறை முழுக்கப் பறக்கும். ஈரத்துணியால் துடைப்பதே சரி. முகத்தில் என்95 கவசம் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலையில் இறங்கவே கூடாது. சுண்ணாம்பு அடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: அதன் காரத்தன்மை கொஞ்ச காலம் பூஞ்சையை அண்டவிடாது. கசிவை அடைக்காமல் மேலே பெயின்ட் பூசுவதில் அந்த நியாயமும் இல்லை. சாம்பிராணிப் புகை வாடையை மறைக்கும். இளைப்பவரின் மூச்சை இன்னும் இறுக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2009இல் வீட்டு ஈரத்தையும் பூசணத்தையும் பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. காற்றில் இத்தனை வித்துகள்வரை பாதுகாப்பு, அதற்கு மேல் ஆபத்து என்று அதில் ஓர் எண்ணை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அப்படி ஓர் எல்லையை நிர்ணயிக்கச் சான்று போதாது என்று சொல்லிவிட்டு, வீட்டில் ஈரம் தங்கவிடாதீர்கள், கசிவையும் காற்றோட்டத்தையும் சரிசெய்யுங்கள் என்றது அந்த ஆவணம். ஆள் ஆளுக்கு எதிர்ப்பு வேறு, பூஞ்சைக்குப் பூஞ்சை புரதம் வேறு என்றிருக்கும்போது, எண்ணை விடுத்து ஈரத்தைப் பிடித்ததுதான் அறிவியல். அப்படியானால் மருத்துவரின் கேள்விப் பட்டியலும் நீள வேண்டும். எத்தனை நாளாக இருமல், சளியின் நிறம் என்ன என்பவற்றோடு, எந்த அறையில் படுக்கிறீர்கள், அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். விடை குளியலறை என்றால், மருந்துச்சீட்டோடு கொத்தனாரையும் பிளம்பரையும் அழைக்கச் சொல்வது சிகிச்சையில் சேர்ந்ததுதான்.